ஜெராக்ஸ் வேலை இல்லை அது

பதிவு கொஞ்சம் நீளம். காபியோ டீயோ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். பாதியில் ஓடுகிறவர்களை நேரில் பார்க்கும்போது கேள்வி கேட்பேன். என் பழக்கம் உங்களுக்குத் தெரியும்.

போன தை மாதம் உறவில் ஒரு புதுமனை புகுவிழா. என்னிடம் ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் கணக்குப் படித்த பெண் ஒருத்தி வந்திருந்தாள். வெளிநாட்டில், வானிலை சம்பந்தப்பட்ட கணினி வேலை. பெயர் போட வேண்டாம் டீச்சர் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதனால் போடவில்லை. பந்தியில் அவளுடைய சித்தப்பா கேட்டார்:

“அங்க என்னதாம்மா வேலை பார்க்கிற?”

“வானிலை கணிக்கிற புரோகிராம்ல ஒரு பகுதி ரொம்பப் பழசு சித்தப்பா. அதைப் புது கம்ப்யூட்டருக்குத் தகுந்த மாதிரி திருப்பி எழுதுறோம்.”

“எழுதினா புதுசா ஏதாவது விடை வருமா?”

“இல்ல, அதே விடைதான் வரணும். வேற வந்தா, ஏன் வந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும்.”

“அப்போ ஜெராக்ஸ் எடுக்கிற வேலைன்னு சொல்லு. இதுக்கா நிலத்தை அடமானம் வெச்சு உன்னைப் படிக்க வெச்சான் எங்கண்ணன்?”

பந்தியே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் பாயசத்தைத் தொடாமல் இலையை மூடிவிட்டாள். எதிர் வரிசையில் இருந்த நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. மறுநாள் அவளைக் கூப்பிட்டு அனுப்பினேன். இரண்டு மத்தியானம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நான் கேட்கக் கேட்கச் சொன்னாள். நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன். அவள் ஊருக்குப் போன பிறகு நானும் தேடிப் படித்தேன். நான் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவள், இயற்பியல் பட்டதாரி இல்லை. அதனால் எனக்கு எப்படிப் புரிந்ததோ அப்படியே சொல்கிறேன்.

வானிலை முன்னறிவிப்பு என்றால் காற்றும் மழையும்தான் என்று நினைத்திருந்தேன். அதற்கெல்லாம் அடியில் ஒரு வரவு செலவுக் கணக்கு ஓடுகிறது. சூரியனிடமிருந்து வருவது வரவு. பூமி இரவும் பகலும் வெப்பமாக வெளியே விடுவது செலவு. இடையில் நீராவி, கரியமில வாயு, ஓசோன், மேகம், தூசி என்று ஒரு கூட்டம். கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, மேலேயும் கீழேயும் திருப்பி விட்டுக்கொண்டே இருக்கும். தரையிலிருந்து உச்சி வரை காற்றை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்குக்கும் இந்தக் கணக்கைப் போட்டால்தான் எது சூடாகிறது, எது ஆறுகிறது என்று தெரியும். காற்று நகர்வதற்கே அந்த வித்தியாசம்தான் காரணம். இந்தக் கணக்கைப் போடுகிற பகுதிக்குக் கதிர்வீச்சுப் பகுதி என்று பெயர். நம் பெண் திருத்துவது அதைத்தான்.

இந்தக் கணக்கை முதலில் முழுதாகப் போட்டுப் பார்த்தவர் கணினி இல்லாமல் கையால் போட்டார். ஸ்வீடன் நாட்டு ஸ்வாந்தே அர்ரீனியஸ். அமிலம், காரம் பாடத்தில் வருகிற அதே அர்ரீனியஸ்தான். 1894 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் உட்கார்ந்தார், ஏறக்குறைய ஒரு வருடம் எழுந்திருக்கவில்லை. கரியமில வாயு எவ்வளவு வெப்பத்தைப் பிடிக்கும் என்பதற்கு அவரிடம் சரியான அளவு இல்லை. அமெரிக்காவில் சாமுவேல் லாங்லி என்பவர் நிலாவிலிருந்து வரும் வெப்பத்தை அளந்து வைத்திருந்தார். நிலா வானத்தில் தாழ இருக்கும்போது அந்த வெப்பம் நிறையக் காற்றைக் கடந்து வரும், உச்சியில் இருக்கும்போது குறைவான காற்றைக் கடந்து வரும். அந்த வித்தியாசத்தை வைத்தே காற்று எவ்வளவு விழுங்குகிறது என்று பிரித்தெடுத்தார் அர்ரீனியஸ். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். 1896இல் வெளியிட்டார். கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமி 5 முதல் 6 டிகிரி சூடாகும் என்று விடை. இன்றைய மதிப்பீடு சுமார் 3 டிகிரி. நிலா வெளிச்சத்தையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு அவ்வளவு கிட்டத்தில் வந்திருக்கிறார். நான் என்றால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன், படிநிலைகளுக்காக.

அதற்குப் பிறகு பலர் தொட்டார்கள். அவர்களைத் தாண்டி 1967க்கு வருகிறேன். ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த சியுகுரோ மனாபே, ரிச்சர்ட் வெதரால்ட் என்பவரோடு சேர்ந்து கணினியில் இந்தக் கணக்கைப் போட்டார். பூமி முழுவதற்கும் போட அன்றைய கணினிக்குத் தெம்பில்லை. அதனால் ஒரே ஒரு காற்றுத் தூண், தரையிலிருந்து மேலே வரை. அந்த ஒற்றைத் தூணிலேயே சுமார் 2.3 டிகிரி என்ற விடை கிடைத்தது. 2021இல் மனாபேவுக்கு நோபல் பரிசு கொடுத்தபோது அவருக்கு வயது 90.

இனிமேல்தான் சிக்கல். ஒரு வாயு எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி விழுங்காது. கண்ணுக்குத் தெரியாத வெப்ப நிறங்களில், குறிப்பிட்ட இடங்களில் மட்டும் ஊசி ஊசியாக விழுங்கும். அந்த ஊசிகளுக்கு வரி என்று பெயர். இவற்றை எண்ணிப் பட்டியல் போட்டது அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடம். பருவநிலைக்காக அல்ல. பறக்கிற விமானத்தின் சூட்டைத் தூரத்திலிருந்து கண்டுபிடிக்க வேண்டுமானால், நடுவில் இருக்கும் காற்று எதை மறைக்கும் என்று தெரிய வேண்டும் அல்லவா? 1973இல் 7 வாயுக்களுக்கு 1 லட்சத்துக்கு மேல் வரிகளோடு பட்டியல் வந்தது. ஹிட்ரான் என்று அதற்குப் பெயர். 2020 பதிப்பில் 55 வகை மூலக்கூறுகள் இருக்கின்றன. போருக்காக எழுதிய பட்டியல், இன்று நாளைக்கு மழை வருமா என்று பார்க்க உதவுகிறது.

லட்சக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கணக்குப் போட்டால் விடை துல்லியமாக வரும். ஆனால் நாளைய வானிலை நாளை மறுநாள்தான் வரும். இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், இதை நம் பள்ளியை வைத்தே சொல்கிறேன்.

பள்ளியில் 1,000 பிள்ளைகள். சீருடைக்கு எவ்வளவு துணி வேண்டும்? வருகைப் பதிவேட்டு வரிசையில் பார்த்தால் உயரம் ஏறும், இறங்கும், ஒரு ஒழுங்கும் இருக்காது. அதே பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்திவிட்டால்? குட்டையில் தொடங்கி நெட்டை வரை சீரான சரிவாக நிற்பார்கள். இப்போது எல்லோரையும் அளக்க வேண்டாம். அங்கங்கே ஒருவராக 16 பேரை அளந்து, ஒவ்வொருவரும் எத்தனை பேருக்குப் பிரதிநிதியோ அத்தனையால் பெருக்கிக் கூட்டினால் போதும். யார் எந்த வகுப்பு என்பது துணிக் கணக்குக்குத் தேவையில்லை. அதுபோல, ஒரு பட்டையில் இருக்கும் நிறங்களை அவை விழுங்கும் அளவுப்படி வரிசைப்படுத்தி, சில பிரதிநிதிகளை மட்டும் எடுத்துக் கணக்கிடுவது. வரிசைப்படுத்தும் பெரிய வேலையை ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை செய்து, அட்டவணையாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. தரைக்கு அருகே வரிசையில் எந்த நிறம் எங்கே நின்றதோ, மேலே பத்துக் கிலோமீட்டர் உயரத்திலும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்க வேண்டும். ஆறாம் வகுப்பில் குட்டையாக இருந்தவன் எட்டாம் வகுப்பிலும் வரிசையின் முன்னாலேயே நிற்பான் என்று நம்புகிற மாதிரி. நம் பள்ளியில் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். காற்றிலும் அங்கங்கே பொய்யாகும். ஆனாலும் பெரும்பாலும் நிற்கும்.

இந்த வழியில் எழுதிய புரோகிராம்களில் உலகம் முழுக்கப் பரவியது ஆர்.ஆர்.டி.எம். என்பது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு நிறுவனத்தில் ஈலை மிலாவர் என்பவரும் கூட்டாளிகளும் எழுதி, 1997இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். வெப்பக் கதிர்களை 16 பட்டைகளாகப் பிரித்தார்கள். பட்டைக்கு 16 பிரதிநிதிகள், ஆக 256. ஓக்லஹோமா மாநிலத்துப் புல்வெளியில் அமெரிக்க எரிசக்தித் துறை வைத்திருந்த கருவிகள், வானத்திலிருந்து இறங்கும் வெப்பத்தை நிறம் நிறமாக அளந்தன. எல்லா வரிகளையும் பார்க்கும் பெரிய கணக்கை அந்த அளவோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். திருத்திய பெரிய கணக்கோடு இந்தச் சின்னக் கணக்கை ஒப்பிட்டார்கள். இங்கிலாந்தின் ரெடிங் நகரில் அப்போது இயங்கிவந்த ஐரோப்பிய வானிலை மையம் 2000இல் இதை எடுத்துக்கொண்டது. பிறகு இன்னும் சுருக்கி, வெப்பக் கதிருக்கு 140, சூரிய ஒளிக்கு 112 என்று ஆர்.ஆர்.டி.எம்.ஜி. வந்தது. அமெரிக்க வானிலைத் துறையின் உலக மாதிரியிலும் இதுதான் இருந்தது. அந்த மாதிரியைத்தான் நம் இந்திய வானிலைத் துறையும் நம் நாட்டுக் கணினிகளில் ஓட்டிவந்தது. ஆகவே நம் ஊர் மழைச் செய்திக்குப் பின்னாலும் இந்த 140ம் 112ம் இருந்திருக்கின்றன.

சரி, நன்றாக ஓடுகிற ஒன்றை ஏன் திருப்பி எழுத வேண்டும்? சித்தப்பாவின் கேள்விக்கு இங்கேதான் வருகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், பென்சில் எடுங்கள். 2016இல் அந்த ஐரோப்பிய மையம் பூமியை 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்தது. மொத்தம் சுமார் 66 லட்சம் காற்றுத் தூண்கள். ஒவ்வொன்றிலும் 137 அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் 140ம் 112ம் சேர்ந்து 252 பிரதிநிதிகள். பெருக்குங்கள். 22,000 கோடிக்கு மேல் வருகிறது. இது ஒரே ஒரு தடவைக்கு. மாதிரியோ ஏழரை நிமிடத்துக்கு ஒரு அடி எடுத்து வைக்கிறது. பத்து நாள் முன்னறிவிப்புக்கு எத்தனை அடி என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுப்படியாகவில்லை. என்ன செய்தார்கள்? நம் வீடுகளில் செய்வதைத்தான் செய்தார்கள், சிக்கனம். ஒவ்வொரு அடிக்கும் போடாமல் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டார்கள். ஒரே நாளுக்குப் பல முன்னறிவிப்புகளைச் சேர்த்து ஓட்டும்போது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறைதான். அதுவும் எல்லாத் தூணுக்கும் இல்லை, சுமார் பத்துத் தூணுக்கு ஒரு கணக்கு என்ற விகிதத்தில் போட்டு, விடையை அக்கம்பக்கத்துக்குப் பரப்பினார்கள்.

சிக்கனத்தின் விலை கடற்கரையில் தெரிந்தது. கடல் ஒரு சூட்டில் இருக்கும், பக்கத்து மண் வேறு சூட்டில் இருக்கும். பகலில் மண் கொதிக்கும், இரவில் சீக்கிரம் ஆறிவிடும், கடல் அப்படியே இருக்கும். கடல் மேல் போட்ட கணக்கின் விடையைக் கரை மேல் பரப்பினால் என்ன ஆகும்? கடலோர ஊர்களின் வெப்பநிலை முன்னறிவிப்பு பல டிகிரி தவறிப்போகும். தப்பு இயற்பியலில் இல்லை, அட்டவணையில் இல்லை. அடிக்கடி போட வசதியில்லை, அவ்வளவுதான். ராபின் ஹோகன் என்ற அறிஞரும் கூட்டாளியும் 2015இல் இதற்கு ஒரு மருந்து எழுதினார்கள். முழுக் கணக்கை அடிக்கடி போட முடியாவிட்டாலும், ஒவ்வொரு அடியிலும் அந்தந்த இடத்துத் தரைச் சூட்டை வைத்து விடையைக் கொஞ்சம் சரிக்கட்டுவது. நல்ல மருந்துதான். ஆனால் அது வலிக்கு மாத்திரை. நோய், கணக்கு மெதுவாக ஓடுவது.

“டீச்சர், வேகமான கம்ப்யூட்டர் வாங்கினாப் போதாதான்னு எல்லாரும் கேப்பாங்க,” என்றாள். நானும் அதைத்தான் கேட்க வாயெடுத்தேன்.

போதாது. 2005 வாக்கில் ஒன்று நடந்தது. அதுவரை கணினியின் மூளை வருடா வருடம் வேகமானது. அதற்கு மேல் வேகப்படுத்தினால் சூடு தாங்கவில்லை. அதனால் ஒரு மூளையை வேகப்படுத்துவதை விட்டுவிட்டுப் பல மூளைகளைப் பக்கம் பக்கமாக வைத்தார்கள். வீடியோ விளையாட்டுப் படங்களுக்காகச் செய்த ஜிபியு என்ற சில்லில் ஆயிரக்கணக்கில் வைத்தார்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சுமார் ரகம். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்யும். குடியரசு தின மாஸ் டிரில் நினைவிருக்கிறதா? ஒரு விசில், 400 பிள்ளைகள், 400 கையும் ஒன்றாக மேலே. அப்படி. ஒருவன் மட்டும் தனியாக வேறு ஏதாவது செய்தால் வரிசையே நின்றுவிடும்.

பழைய புரோகிராம் டிரில்லுக்குப் பழகியதல்ல. வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கும் டியூஷன் வாத்தியார் மாதிரி. ஒரு தூணை எடுக்கும், தரை முதல் உச்சி வரை அதற்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடிக்கும், அடுத்த தூணுக்குப் போகும். 1990களின் கணினிக்கு அது சரியான முறை. எழுதியவர்கள் மேல் குற்றம் இல்லை.

அவள் மடிக்கணினியைத் திறந்து அந்தப் பழைய பக்கங்களைக் காட்டினாள். மொழி ஃபோர்ட்ரான். ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழு 1957இல் கொண்டுவந்தது. என்னைவிட மூத்தது. அந்தக் காலத்தில் ஒரு வரிக்கு ஒரு துளை அட்டை. அட்டையில் 80 கட்டம். அதில் 7 முதல் 72 வரை மட்டும்தான் கட்டளை எழுதலாம். பெயர்கள் ஆறு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அட்டை போய்ப் பல வருடம் ஆகிவிட்டது, ஆனால் பழக்கம் போகவில்லை. அதனால் பெயர்களெல்லாம் டாக்டர் சீட்டு மாதிரி சுருக்கெழுத்தில் இருக்கின்றன. 16 பட்டைக்கு 16 தனித்தனிப் பகுதி. இந்தப் பட்டையில் எந்தெந்த வாயு என்பது அந்தந்தப் பகுதிக்குள் கையால் எழுதியிருந்தது. உயர வரிசை அட்டவணையின் எண்கள் ஆயிரக்கணக்கான வரிகளாகப் புரோகிராமுக்கு உள்ளேயே கிடந்தன. கேள்வித்தாளையும் விடைக்குறிப்பையும் மாணவன் எழுதிய விடையையும் ஒரே தாளில் எழுதி வைத்த மாதிரி. ஒரு வாயுவின் புது அளவு கிடைத்தால் எதைத் தொடுவது? எதைத் தொட்டால் எது இடியும்?

இதைத் தலைகீழாக்கியதுதான் 2019இல் வந்த வேலை. ராபர்ட் பின்கஸ், ஈலை மிலாவர், ஜெனிஃபர் டெலமியர் மூவரும் கட்டுரை எழுதினார்கள். மிலாவர் என்ற பெயரைக் கவனியுங்கள். 22 வருடத்துக்கு முன் பழையதை எழுதியவரே புதியதிலும் இருக்கிறார். தான் எழுதிய வீட்டுப்பாடத்தைத் தானே சிவப்பு மை எடுத்துத் திருத்துகிற மனசு எத்தனை பேருக்கு வரும்?

வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். வாயுக்கள் எவ்வளவு விழுங்கும் என்று சொல்வது ஒன்று. அதை வைத்துக்கொண்டு வெப்பம் அடுக்கு அடுக்காக எப்படிப் போய்வருகிறது என்று கணக்கிடுவது இன்னொன்று. முதலாவதற்குப் பெயர் ஆர்.ஆர்.டி.எம்.ஜி.பி. கடைசி எழுத்து, ‘பக்கம் பக்கமாக, ஒரே நேரத்தில்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் குறிக்கிறது. 16 தனிப் பகுதிகள் போய், எல்லாப் பட்டைக்கும் ஒரே பொது நடைமுறை வந்தது. அட்டவணை எண்கள் எல்லாம் வெளியே தனிக் கோப்புக்குப் போயின. புது அளவு கிடைத்தால் கோப்பை மாற்றினால் போதும், புரோகிராமைத் தொட வேண்டாம். உள்ளே எண்களை அரைக்கிற சின்னச் சின்னப் பகுதிகளை மட்டும் தனியே பிரித்து வைத்தார்கள். சாதாரணக் கணினிக்கு ஒரு ஜோடி, ஜிபியுவுக்கு இன்னொரு ஜோடி என்று மாட்டிக்கொள்ளலாம். ஒரு தூணை எடுத்து முடிப்பது போய், பல தூண்களை நிறுத்தி, ஒரே விசிலில் எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்தும் வைத்தார்கள்.

எடுத்த எடுப்பில் எல்லாம் லாபம் இல்லை. துல்லியத்துக்காகப் பிரதிநிதிகளை மறுபடி 256, 224 என்று நிறைய வைத்திருந்தார்கள், அதனால் வேலை கூடியது. பிறகு 128, 112 என்று சுருக்கிய கோப்பும் வந்தது. புரோகிராமைத் தொடாமல் கோப்பை மட்டும் மாற்றித்தான் இதைச் செய்ய முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது ஜெராக்ஸ் விஷயம்.

விடை மாறக் கூடாது என்றால், எந்த விடையோடு ஒப்பிடுவது? பழைய புரோகிராமோடு ஒப்பிட்டால் அதன் தப்பும் கூடவே வரும். அதற்குப் பிறகு வாயுக்களின் அளவுகளே திருந்தியிருக்கின்றன. அதனால் சில இடத்தில் விடை மாறத்தான் வேண்டும். ஆகவே பழைய எல்லா வரிகளையும் பார்க்கும் மெதுவான பெரிய கணக்கையே நீதிபதியாக வைத்துக்கொண்டார்கள். ஈரமான காற்று, வறண்ட காற்று, துருவம், வெப்ப மண்டலம் என்று பலவிதமான 42 மாதிரித் தூண்கள் ஒரு தொகுப்பு. பருவநிலை மாதிரிகளை ஒப்பிடும் பன்னாட்டுத் திட்டத்துக்காகத் தேர்ந்தெடுத்த 100 தூண்கள் இன்னொரு தொகுப்பு. இவற்றில் புதியதையும் பெரியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விடை மாறினால், அது புது அறிவால் மாறியதா, கை தவறியதால் மாறியதா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஜெராக்ஸ் மெஷினுக்கு அந்தக் கேள்வி வராது.

பழைய பக்கங்களில் 1.66 என்று ஓர் எண் கிடந்தது. ஏன் 1.66 என்று அங்கே விளக்கம் இல்லை. நம் பெண் தேடிப் போனாள். வெப்பம் நேர் மேலே மட்டும் போவதில்லை, எல்லாச் சாய்விலும் போகும். எல்லாச் சாய்வையும் கூட்டுவது பெரும் பாடு. அதற்குப் பதிலாக ஒரே ஒரு சாய்ந்த பாதையில், நேர்ப் பாதையைப்போல் 1.66 மடங்கு நீளத்தில் போவதாக வைத்துக்கொண்டால் விடை ஏறக்குறைய சரியாக வரும். வால்டர் எல்சாசர் என்பவர் 1942இலேயே காட்டியது. நிலைக்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி சாய்வு, கோணமானி எடுத்து வரைந்து பாருங்கள். பழைய புரோகிராமில் சில பட்டைகளுக்கு அந்த 1.66 அப்படியே இருந்தது, மற்றவற்றுக்கு நீராவியைப் பொறுத்து மாறியது. காரணம் தெரியாதவர் அதைக் குப்பை என்று அழித்துவிடலாம், அல்லது பயந்துபோய்த் தொடாமலே விட்டுவிடலாம். இரண்டுமே தப்பு. “எண்ணுக்குத் தாத்தா பாட்டி யாருன்னு கேட்டுட்டுத்தான் டீச்சர் கை வைப்போம்,” என்றாள்.

இன்னொரு ஆபத்து தசம இடத்தில். பழைய கணக்குகளில் ஒவ்வொரு எண்ணுக்கும் 15, 16 இலக்கம் வைத்துக்கொள்வார்கள். 7 இலக்கம் போதும் என்று குறைத்தால் வேகம் கூடும், நினைவிடமும் பாதியாகும். 2021இல் அந்த ஐரோப்பிய மையம் முன்னறிவிப்பையே அப்படி மாற்றியது. ஆனால் 7 இலக்கம் மட்டும் எழுதக்கூடிய சிலேட்டில் 1000000.4இலிருந்து 1000000.1ஐக் கழியுங்கள். இரண்டுமே 1000000 என்றுதான் சிலேட்டில் நிற்கும். 0.3 வர வேண்டிய இடத்தில் 0. மிக மெல்லிய காற்று அடுக்கில் கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களைக் கழிக்க வேண்டி வரும்போது இதுதான் நடக்கும். கழித்தலையே வராமல் செய்து, சூத்திரத்தை வேறு விதமாக எழுத வேண்டும். காகிதத்தில் இரண்டும் ஒரே சூத்திரம்தான். கணினியில் ஒன்று சரி, ஒன்று தப்பு.

பலன் என்ன என்று கேட்பீர்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஒரு குழு, இந்தக் கதிர்வீச்சுப் பகுதியைச் சி++ மொழியில் எழுதிச் சேர்த்த மாதிரியை, ஓக் ரிட்ஜில் இருக்கும் ஃபிரான்டியர் என்ற மாபெரும் கணினியின் ஜிபியுக்களில் ஓட்டியது. பூமி முழுக்க 3.25 கிலோமீட்டர் கட்டம். ஒரு நாள் ஓட்டினால் ஒரு வருடத்துக்கு மேல் வானிலை. 2023இல் பருவநிலைக் கணக்குக்கான கோர்டன் பெல் பரிசு முதல்முறையாகக் கொடுக்கப்பட்டபோது அவர்களுக்குத்தான் கிடைத்தது. ஐரோப்பியப் பக்கத்திலும் சும்மா இல்லை. ராபின் ஹோகன் குழு 2017இல் தங்கள் கதிர்வீச்சுப் பகுதியைக் கழற்றி மாட்டக்கூடிய துண்டுகளாகத் திருப்பி எழுதியது. 2024இல் பீட்டர் உக்கோனெனும் ஹோகனும் பிரதிநிதிகளைக் குறைத்து, புரோகிராமையும் செதுக்கி, பழையதைவிடப் பன்னிரண்டு மடங்கு வேகமாக ஓட்டிக் காட்டினார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற சிக்கனம் இனி அவ்வளவு தேவைப்படாது.

நம் பெண் இந்தப் பெரிய பெயர்களில் ஒருத்தி இல்லை. அவள் இருக்கும் இடத்து மாதிரியில் இந்தப் புதுப் பகுதியைப் பொருத்தும் சின்னக் குழுவில் இருக்கிறாள். அவள் இங்கே இருந்தபோது ஆறாவது இலக்கத்தில் ஒரு சின்ன வித்தியாசம் அவளை வாட்டிக்கொண்டிருந்தது. 100 தூண்களில் மூன்றில் மட்டும். “இவ்வளவுதானே, விடேன்” என்றேன். என்னைப் பார்த்தாள். ஏழாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிப்பதில் ஒரு இடம் தப்பினதற்கு நான் அவளை மறுபடி முழுக் கணக்கையும் போட வைத்தது எனக்கே அப்போதுதான் நினைவு வந்தது.

சித்தப்பாவிடம் நானே போய்ப் பேசினேன். கடற்கரைக் கதையையும் 1.66ஐயும் சொன்னேன். அவர் நாற்பது வருடம் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “பழைய மெஷினுக்கு டிராயிங் இல்லாம பார்ட் கடைஞ்சு போட்டிருக்கேன் டீச்சர். ஒரு மில்லி தப்பினா மெஷின் ஓடும், ஆனா சத்தம் வரும். அது எங்கேர்ந்து வருதுன்னு தேடறதுக்குத்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பேன். இவ வேலையும் அதுதானா?” அதுதான் என்றேன். அன்று இரவே அவளுக்குப் போன் போட்டிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை.

போன வாரம் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது. “டீச்சர், கிடைச்சிடுச்சு. கூட்டல் வரிசை மாறியிருந்துச்சு, மேலேர்ந்து கீழே கூட்ட வேண்டியதைக் கீழேர்ந்து மேலே கூட்டியிருக்கோம். மூணு தூணும் சரியாயிடுச்சு.”